பிஸ்மார்க் நம்ம தொகுதியா?

சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பி.காம். மாணவர்களுக்குக் காப்பீட்டியல் நடத்தியே தலை நரைத்தவன் நான். காப்பீட்டு ஒப்பந்தத்தில் இரு தரப்பும் எதையும் மறைக்கக் கூடாது, ஒவ்வொரு வரியையும் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும் என்று கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். பல்கலைக்கழகத் தேர்வில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி. சில வருடம் பத்து. இப்படிப்பட்ட மனிதர் தன்னுடைய மெடிக்ளெய்ம் பாலிசியை ஒருமுறையாவது பிரித்துப் பார்த்திருப்பார் என்று என் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். அவள் இயற்பியல் படித்தவள், சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்காதவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டுவிட்டாள்.

பாலிசி ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்தது. நல்ல கெட்டியான உறை. தாள்களை எடுத்து பீரோவுக்கு மேலே வைத்துவிட்டு, உறையில் கரண்ட் பில் ரசீதுகளைப் போட்டுவைத்தேன். பிடிக்காத பாலிசியை முப்பது நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று 2024-ல் விதி வந்தபோது, முன்பு பதினைந்து நாள்தான் இருந்தது என்பதையும் சேர்த்து, தேநீர்க் கடையில் நாலு பேருக்கு விளக்கம் சொன்னேன். அப்போதும் பீரோவின் மேல் கை போகவில்லை.

பிறகு மனைவிக்குப் பித்தப்பையில் கல் வந்தது. லேப்ராஸ்கோப்பி என்றார்கள். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் "என்ன ரூம் சார்?" என்று கேட்டாள். "ஜெனரல் வார்டே போதுங்க, ரெண்டு ராத்திரிதானே" என்றாள் மனைவி. "அப்புறம் இன்ஷூரன்ஸ் எதுக்குக் கட்டறோம்?" என்று கேட்டுவிட்டு, நாள் வாடகை 8,000 ரூபாய் அறைக்குக் கை காட்டினேன். ஏசி, டிவி, துணைக்கு இருப்பவர் படுக்க ஒரு சோபா கம் பெட். துணைக்கு இருப்பவர் நான்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று அப்ரூவல் வந்தது. கூடவே நான் கட்ட வேண்டிய தொகையும் வந்தது. என் பாலிசித் தொகை ஐந்து லட்சம். அறை வாடகைக்கு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. சரி, மீதி மூவாயிரத்தை நாம் கட்டிவிடுவோம் என்று பர்ஸை எடுத்தேன். அந்தப் பெண் பரிதாபமாகப் பார்த்தாள். "அது மட்டும் இல்ல சார். ப்ரபோர்ஷனேட் டிடக்‌ஷன் இருக்கு."

கணக்கு இதுதான். எட்டாயிரத்துக்கு ஐயாயிரம்தான் தகுதி என்றால், எட்டில் ஐந்து பங்கு. வாடகையில் மட்டும் அல்ல, அந்த அறையை ஒட்டி வருகிற அறுவைச் சிகிச்சைக் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றிலும் அதே எட்டில் ஐந்து. பெரிய அறையில் படுத்தவருக்கு அதே ஆபரேஷனை ஆஸ்பத்திரி கூடுதல் விலைக்குச் செய்கிறது, அந்தக் கூடுதலை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பது இன்ஷூரன்ஸ்காரரின் நியாயம். உறவினர் விருந்துக்கு அழைத்து, நாம் ஏசி ஹாலில் போய் உட்கார்ந்ததால் இட்லிக்கும் காபிக்கும் முக்கால் பங்கு காசைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்று பில் வந்த பிறகு சொல்வது மாதிரி. அவர் முன்னமே சொல்லியிருந்தார் என்பதுதான் விஷயம். பீரோவின் மேல் இருந்தது.

1,20,000 ரூபாய்க்கு 75,000 வந்தது. 45,000 போச்சு. வாடகை வித்தியாசம் தனி. கையுறை, முகக்கவசம், மினரல் வாட்டர் வகையறா என் பாலிசியில் கிடைக்காத பட்டியலில் இருக்கிறவை, அவை தனி. மொத்தத்தில் அந்த சோபா கம் பெட் என் வாழ்க்கையிலேயே நான் படுத்த மிக விலை உயர்ந்த படுக்கை. வீட்டுக்கு வந்து படுத்தபோது தூக்கம் வரவில்லை. நள்ளிரவு தாண்டி இந்தியக் காப்பீட்டுத் துறையையே சீர்திருத்திவிடுவது என்று முடிவுக்கு வந்தேன். பாலிசியைப் படிப்பது என்று முடிவு செய்திருக்கலாம். அது தோன்றவில்லை.

முதலில் எம்.எல்.ஏ.விடம் போனேன். அவர் பெயரையும் பின்னால் வருகிற எம்.பி. பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் கட்சி தெரிந்துவிடும். தெரிந்தால் பாதிப் பேர் எனக்காகவும் மீதிப் பேர் அவருக்காகவும் சண்டைக்கு வருவார்கள், என் அசட்டுத்தனம் அடிபட்டுப் போகும். எம்.எல்.ஏ. வக்கீலுக்குப் படித்தவர். பொறுமையாகக் கேட்டார். "ப்ரொபசர் சார், இன்ஷூரன்ஸ் வெட்டினது உங்க பிரச்சினையா, ஆஸ்பத்திரி பில்லு உங்க பிரச்சினையா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும்னா ரெண்டு மனு போடணும். ரெண்டு வேற வேற ஆளுங்ககிட்ட."

பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் காப்பீடு மத்தியப் பட்டியலில் 47-ஆவது இனம். பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாநிலப் பட்டியலில் 6-ஆவது. தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் போட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையோ ஐதராபாத்தில் இருக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கவனிக்கிறது, அது 1999-ஆம் வருடத்துச் சட்டத்தில் பிறந்தது. பணம் கொடுக்கிறவருக்கு ஒரு எஜமானர், பில் போடுகிறவருக்கு இன்னொரு எஜமானர். நோயாளி நடுவில். பித்தப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி என்ன கட்டணம் வாங்கலாம் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்ல முடியாது, இன்ஷூரன்ஸ்காரர் எவ்வளவு வெட்டலாம் என்று நம் சட்டமன்றம் சொல்ல முடியாது. எனக்கு வந்த மொத்த எரிச்சலும் இந்த இடைவெளியில்தான் விழுந்து கிடந்தது. காப்பீட்டியல் வாத்தியாருக்கு இதை அரசியல்வாதி ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

கடைசியில் அவர் ஒன்று கேட்டார். "முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கா சார் உங்களுக்கு?" அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. அது ஏழைகளுக்கானது அல்லவா, நான் பிரீமியம் கட்டுகிறவன். தன்மானத்தோடு "தேவைப்படலை" என்றேன். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் பெயரும் அமைப்பும் மாறி, பிறகு மத்திய அரசின் பிரதமர் திட்டத்தோடும் இணைந்து, குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை தருகிற திட்டம் அது. அதில் எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு என்று விலையை முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறார்கள். அங்கே எட்டில் ஐந்து என்ற பேச்சு கிடையாது. பிரீமியம் கட்டுகிற என்னைவிட அட்டை வைத்திருக்கிறவருக்குப் பில்லில் தெளிவு அதிகம் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

எம்.பி.யைப் பார்க்க மனு எழுதத் தொடங்கினேன். வாத்தியார் எழுதினால் முன்னுரை இல்லாமல் இருக்குமா? 1883-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து ஆரம்பித்தேன். அங்கிருந்து 1946-ஆம் வருட போர் (Bhore) குழு அறிக்கை. காசு இல்லை என்பதற்காக யாருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று நாம் சுதந்திரம் அடைவதற்கு முந்தைய வருடமே சொன்ன குழு. பிறகு 1948-ல் இங்கிலாந்தில் தேசிய சுகாதாரச் சேவை, அதே வருடம் இங்கே ஈ.எஸ்.ஐ. சட்டம், 1986-ல் மெடிக்ளெய்ம், 2010-ல் ஒபாமா. நடுவில் மனைவி எட்டிப் பார்த்து, "என் பித்தப்பை எந்தப் பக்கத்துல வருது?" என்று கேட்டாள். இன்னும் இருபதாம் நூற்றாண்டே முடியவில்லை என்றேன்.

மனுவின் உயிர்நாடி ஜி.எஸ்.டி. பிரீமியத்தின் மேல் 18 சதவீதம். நோய்க்கு வரி போடலாமா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. ஆதாரத்துக்குப் பத்திரிகைத் துண்டுகள் வைத்திருந்தேன். 2024 ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரியே இந்த வரியை நீக்கச் சொல்லி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் இதை ஆராய அமைச்சர்கள் குழு ஒன்றை அமைத்தது. இவ்வளவும் வெட்டி ஒட்டி, அடிக்கோடு போட்டு, மேலே பெரிய எழுத்தில் "கோரிக்கை" என்று தலைப்பிட்டேன். அதற்குப் பிறகு துண்டுகள் இல்லை. பேப்பர்க்காரரோடு சில்லறைத் தகராறு வந்து பேப்பரை நிறுத்தியிருந்தேன்.

மனு முடிந்தபோது அடுத்த வருடத் தீபாவளியும் போய்விட்டது.

எம்.பி. அலுவலகம் ஒரு பழைய மாடி வீடு. கீழே வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே வந்திருந்தவர்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு பெருமிதம் உண்டானது என்பதை மறைப்பதற்கில்லை. ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையோடு. ஒருவர் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு. ரயில்வே அவசர ஒதுக்கீட்டுக்குக் கடிதம் வேண்டும். ஒருவர் அண்ணனின் இதய ஆபரேஷனுக்குப் பிரதமர் நிவாரண நிதியில் பரிந்துரை கேட்டு. எல்லோரும் சொந்த வேலையாக வந்திருக்கிறார்கள், நான் ஒருவன்தான் நாட்டுக்காக வந்திருக்கிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு அம்மாள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பேர் சேர்க்க வேண்டும், வருமானச் சான்று இழுத்தடிக்கிறது என்றார். நாட்டுக்காக வந்தவன் சும்மா இருக்க முடியுமா? "அம்மா, வருஷ வருமானம் 72,000-க்குள்ள இருக்கணும், அதைத் தாண்டினா கிடைக்காது" என்று அறிவுரை சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அது பழசுங்க. இப்ப ஒரு லட்சத்து இருபதாயிரம். வி.ஏ.ஓ. கையெழுத்தும் ஆயிடுச்சு. தாசில்தார் ஆபீஸ்லதான் நிக்குது" என்றார். அதற்கப்புறம் நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் உள்ளே போனார். ஒரே வாக்கியத்தில் சொன்னார். உதவியாளர் அங்கேயே தாலுகா ஆபீசுக்கு போன் போட்டார். அந்த அம்மாள் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உதவியாளர் சின்னப் பையன். எம்.ஏ. அரசியல் படித்தவனாம். என் மனுவை வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தான். முதல் பக்கத்தைப் புரட்டினான். இரண்டாவது பக்கத்தில் நின்றான். முகத்தில் நிஜமான அக்கறையோடு கேட்டான்:

"சார், இந்த பிஸ்மார்க்கு யாரு? நம்ம தொகுதியா?"

அரசியல் எம்.ஏ.வுக்கு பிஸ்மார்க் தெரியாமல் இருக்காது. கிண்டல் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அங்கே நான் செய்தது இன்னும் மோசம்: பிஸ்மார்க்கின் வரலாற்றை அவனுக்கு விளக்கத் தொடங்கினேன். பின்னால் வெயிட்டிங் லிஸ்ட்காரர் பெருமூச்சு விட்டார்.

எம்.பி. அறைக்குள் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், எழுந்து நின்று வணங்கினார். "உட்காருங்க சார். சொல்லுங்க." நான் மனுவை விரித்தேன். "ஐயா, முதல்ல பிரீமியம் மேல போடற 18 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுக்கணும். சபையில நீங்க குரல் கொடுக்கணும்."

அவர் ஒரு நொடி உதவியாளரைப் பார்த்தார். பிறகு மென்மையாக, "அதான் எடுத்துட்டாங்களே சார்" என்றார். "செப்டம்பர் மூணாந்தேதி கவுன்சில் முடிவு பண்ணி, இருபத்திரண்டுலேருந்து நடைமுறைக்கு வந்துடுச்சு. தனிநபர் பாலிசிக்கு வரியே இல்ல இப்ப."

நான் ஆகஸ்டில் வரியோடு சேர்த்துப் புதுப்பித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "தெரியும், பதிவுக்காக எழுதினேன்" என்று சொன்னேன். எந்தப் பதிவு என்று அவர் கேட்காதது பெருந்தன்மை.

அடுத்த கோரிக்கைக்குத் தாவினேன். டிஸ்சார்ஜ் அன்று அப்ரூவலுக்காக நோயாளிகளை நாள் முழுக்கக் காக்கவைக்கிறார்கள், கால வரம்பு வைக்க வேண்டும். வைத்தாயிற்று, 2024 மே மாதச் சுற்றறிக்கை, கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம் என்றான் உதவியாளர். நடைமுறையில் அப்படியா நடக்கிறது என்று கேட்க வேண்டிய இடம் அது. கேட்டிருந்தால் பேச்சு சூடு பிடித்திருக்கும். அவசரத்தில் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அடுத்தது, பாலிசியின் முக்கிய நிபந்தனைகளை எளிய மொழியில், ஒரு தாளில், தாய்மொழியிலும் கொடுக்க வேண்டும். இதை நான் கொஞ்சம் உணர்ச்சியோடு வாசித்தேன். வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று இருக்கிறது, அதன் புது வடிவம் 2024 ஜனவரியிலிருந்து கட்டாயம், கேட்டால் தமிழிலும் தர வேண்டும், வாங்கிக்கொண்டதற்கு நம்மிடம் ஒப்புதலும் வாங்குவார்கள் என்றான் பையன். எனக்கு ஒரு ஓ.டி.பி. ஞாபகத்துக்கு வந்தது. ஏஜென்ட் போனில் கேட்டதும் சொன்ன நம்பர். எதற்கென்று அப்போது நான் கேட்கவில்லை.

"ஆம்புட்ஸ்மேன்கிட்ட போனீங்களா சார்?" என்று கேட்டார் எம்.பி. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரின் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, ஐம்பது லட்சம் வரையான வழக்குகளைப் பார்ப்பார், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. முதலில் கம்பெனிக்குப் புகார் எழுத வேண்டும், அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ அவரிடம் போகலாம். இதைப் பத்து மதிப்பெண் கேள்வியாக நான் எத்தனையோ பேருக்குத் திருத்தியிருக்கிறேன். "கம்பெனிக்கு எழுதிட்டீங்களா?" என்றார். இல்லை. கம்பெனிக்கு ஒரு வரி எழுதாமல் நாடாளுமன்றத்துக்கு வந்திருந்தேன்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, பெரிதாக ஒன்று கேட்டேன். "நீங்க ஒரு தனிநபர் மசோதா கொண்டுவரலாமே ஐயா." இந்த இடத்தில்தான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். "சுதந்திரம் வந்ததுலேருந்து பதினாலு தனிநபர் மசோதாதான் சட்டமாயிருக்கு சார். கடைசியா ஆனது 1970-ல. நம்ம திருச்சி சிவா 2015-ல திருநங்கையர் மசோதாவை மாநிலங்களவையில நிறைவேத்திக் காட்டினார், அதுவே மக்களவை தாண்டலை. கேள்வி கேக்கறேன், அதான் என்னால உருப்படியா முடியும். உங்களுக்கு என்ன வேணும், ஒரே வரியில சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

இத்தனை தயாரிப்புக்கும் பிறகு, நாட்டின் சட்டம் இயற்றும் ஒருவர் பேனாவோடு எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வரி கேட்கிறார். எனக்கு பிஸ்மார்க் ஞாபகம் வந்தார். 1946 ஞாபகம் வந்தது. அறை வாடகை ஞாபகம் வரவில்லை. "எல்லாமே மாறணும் ஐயா" என்றேன். அவர் பேனாவை மூடினார். கோபமில்லை, மூடினார் அவ்வளவுதான்.

அந்த அமைதியை எப்படியாவது நிரப்ப வேண்டுமே என்ற பதற்றத்தில் என் வாய் தானாகப் பேசியது. "இல்ல, பொண்ணு பெங்களூர்லேருந்து வர்றா, டிக்கெட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கு..." அவர் முகம் மலர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த வேலை. "பி.என்.ஆர். நம்பர் தம்பிகிட்ட குடுங்க சார்." லெட்டர்பேடில் கடிதம் அடித்து, கையெழுத்தாகி, சீல் விழுந்து வந்தது. காப்பீட்டுச் சீர்திருத்தம் கேட்கப் போனவன் பெர்த் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன். கீழே நாற்காலியில் இருந்த வெயிட்டிங் லிஸ்ட்காரர் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. டிக்கெட் கன்ஃபர்ம் ஆனது, அதையும் சொல்லிவிடுகிறேன். லோயர் பெர்த்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். உதவியாளர் பையன் போன் செய்தான். "சார், உங்க மனுவைப் படிச்சேன். முழுசா. கடைசில அந்த ரூம் ரென்ட் விஷயம் ஒண்ணு இருக்கு பாருங்க, அதை ஏன் சார் நீங்க சொல்லவே இல்ல? அதுல கேள்வி இருக்கு. செட்டில்மென்ட் லெட்டரும் பாலிசியும் காப்பி அனுப்புங்க."

பீரோவின் மேல் இருந்து தாள்களை இறக்கினேன். நகல் எடுக்கக் கடைக்குப் போகக் கிளம்பினால், மனைவி மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். பென்சிலோடு. இயற்பியல்காரி.

"ஏங்க, மருந்துக்கும் ஸ்கேனுக்கும் இந்த எட்டில் அஞ்சு பொருந்தாதுன்னு போட்டிருக்கே?"

உண்மைதான். இந்த விகிதக் கழிவு எதற்கெல்லாம் கூடாது என்று 2020-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வரையறுத்துச் சொன்னது. மருந்து, உடலுக்குள் வைக்கிற கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இல்லை, ஐ.சி.யூ.வுக்கும் இல்லை. அறை சிறியதோ பெரியதோ மாத்திரையின் விலை ஒன்றுதானே. என் பாலிசியிலும் அது தெளிவாக அச்சாகியிருந்தது. கணக்குப் போட்டவர்கள் மருந்து பில்லிலும் ஸ்கேன் பில்லிலும் சேர்த்தே வெட்டியிருந்தார்கள். பிஸ்மார்க் முதல் ஒபாமா வரை பிழை கண்டுபிடித்தவன், என் வீட்டு பில்லில் இருந்த ஒரே நிஜப் பிழையைப் பார்க்கவில்லை. மனைவி கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். ஆறு வரி. நான் அதற்கு ஒரு முன்னுரை சேர்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மருந்துக்கும் ஸ்கேனுக்கும் வெட்டிய பணம் திரும்பி வந்தது. மற்ற வெட்டு நான் சம்மதித்த நிபந்தனையின்படி நடந்தது. அது வராது, வரவுமில்லை.

கேள்வி எழுதும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. பையன் விதிமுறைகளைச் சொன்னான். மக்களவைக் கேள்வி சாதாரணமாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம் கூடாது, வர்ணனை கூடாது, கேள்வி கேட்பவரின் அபிப்பிராயம் கூடாது. நட்சத்திரக் குறியிட்டால் அமைச்சர் சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், ஒரு நாளைக்கு இருபதுதான். இல்லாவிட்டால் எழுத்தில் பதில், ஒரு நாளைக்கு 230. வருகிற நோட்டீஸ்கள் அதிகம் என்பதால் குலுக்கலில்தான் தேர்வு. நான் எழுதி அனுப்பிய முதல் வரைவைப் படித்துவிட்டு, "சார், சுகாதார அமைச்சருக்குப் போட்டிருக்கீங்க. இன்ஷூரன்ஸ் நிதி அமைச்சகம்" என்றான். இரண்டாவது பத்தியில் 1883 மறுபடி வந்திருந்ததையும் சுட்டிக்காட்டினான்.

வெட்டி, வெட்டி, கடைசியில் அவனே எழுதிவிட்டான். அதில் என் பங்கு ஒரு காற்புள்ளி. இப்படி இருந்தது: "(அ) மருத்துவக் காப்பீட்டில் அறை வாடகை வரம்பைக் காரணம் காட்டிச் சிகிச்சைக் கட்டணங்களிலும் விகிதாசாரமாகக் கழிக்கப்படுவது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா, (ஆ) ஆம் எனில், அதன் விவரங்கள், (இ) மருத்துவமனையில் சேர்க்கும்போதே இக்கழிவின் உத்தேசத் தொகையைப் பாலிசிதாரருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க அரசு உத்தேசித்துள்ளதா, (ஈ) இல்லையெனில், அதற்கான காரணங்கள்?"

அன்று அந்த டெஸ்க்கில் இருந்த பெண், எட்டாயிரம் ரூபாய் அறைக்கு நான் கை காட்டிய நிமிடத்தில், ஒரு துண்டுத் தாளில் 45,000 என்று எழுதிக் காட்டியிருந்தால் நான் ஜெனரல் வார்டுக்கு ஓடியிருப்பேன். என்னால் ஒரு கட்டு காகிதத்தில் சொல்ல முடியாததை அந்தப் பையன் (இ)-யில் சொல்லிவிட்டான்.

கேள்வி குலுக்கலில் விழவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி போடுவோம் சார் என்றிருக்கிறான்.

வீட்டில் இந்த நடை எனக்குப் பிடித்துப்போய், அதைச் சத்தமாக வாசித்துக் காட்டியது என் பிசகு. நேற்று காலை சமையலறையிலிருந்து குரல் வந்தது: "(அ) பால் வாங்கப் போனவர் தேநீர்க் கடையில் நின்றது உண்மையா, (ஆ) ஆம் எனில், அங்கே யாருக்கு என்ன பாடம் நடத்தப்பட்டது என்ற விவரம், (இ) பால் எங்கே?"

நிதி அமைச்சகத்துக்காவது அவகாசம் தருகிறார்கள்.